சீனி வருத்தம்: எங்கள் இஸ்தோப்பில் கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் 29 வருடம் படிப்பித்தவள் நான். டொக்டர் இல்லை. ஆனால் 16 வருடமாகச் சீனி வருத்தக்காரி, அதாவது நீரிழிவுக்காரி. அம்மாவுக்கும் இதே வருத்தம். கால் விரல் இரண்டு அதில்தான் போனது. என்னிடம் சீனி பார்க்கும் மெஷின் இருப்பது லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு, தெரிந்த நாளிலிருந்து, பின்னேரமானால் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். பதில்கள் கிளினிக்கில் நச்சரித்துக் கேட்டும், வாசித்தும் தெரிந்துகொண்டவை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டொக்டரின் வேலை. இதை வாசித்துவிட்டு யாரும் தானாக மாற்ற வேண்டாம்.

மலை ஏறி இறங்கி வேலை செய்ற எங்களுக்கு எப்படி டீச்சர் சீனி வரும்? அது துரைமாருக்கு வர்ற வருத்தம் இல்லையா?

ஒரு காலத்தில் இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருந்தது. 2005, 2006இல் இலங்கை முழுவதும் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், 20 வயது தாண்டியவர்களில் 10.3 வீதமானவர்களுக்கு நீரிழிவு இருந்தது. நகரங்களில் 16 வீதத்துக்கு மேல், கிராமப்புறங்களில் 9 வீதத்துக்குக் கிட்ட. என்னைத் திடுக்கிட வைத்தது வேறொரு எண். வருத்தம் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு, இரத்தம் எடுத்துச் சொல்லும்வரை அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

அதன்பிறகு எங்கள் வாழ்க்கையும் அப்படியே இருக்கவில்லை. பிள்ளைகள் கொழும்பில் கடையில் நிற்கிறார்கள், திரீவீலர் ஓட்டுகிறார்கள். பென்ஷன் எடுத்த பெரியவர்கள் டிவிக்கு முன்னால். கொழுந்து எடுப்பவர்களின் சாப்பாடுதான் எல்லாருடைய சாப்பாடாகவும் இன்னும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊரில் ஒருவருக்குச் சுகமா இல்லையா என்று பார்க்க ஒரே அளவுதான்: பெரட்டுக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போக முடிகிறதா? போக முடிந்தால் சுகம். சீனி வருத்தம் பெரட்டுக்குப் போக விடும். பத்து வருடம்கூட விடும். பேர், அதாவது நாள் சம்பளக் கணக்கு, விழுந்துகொண்டிருக்கும்போதே கண்ணையும் காலையும் கிட்னியையும் தின்னும். இந்த வருத்தத்திடம் நாங்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உடம்புக்குள்ள என்னதான் நடக்குது?

மலையில் கொழுந்து எடுத்தாகிவிட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குச் சாக்காக நிறுத்து வைத்தாகிவிட்டது. லொறி வரவில்லை. மடுவத்தில் கொழுந்து சூடேறிக் கருகுகிறது. தேயிலை அரைக்கும் ஸ்டோரிலோ கொழுந்து இல்லாமல் மெஷின் நிற்கிறது.

சாப்பாடு குளுக்கோஸாகி இரத்தத்தில் சேர்வதுதான் அந்தக் கொழுந்து. தசைகளும் மற்ற உறுப்புகளும் ஸ்டோர். கணையம் சுரக்கும் இன்சுலின் லொறி. முதலாம் வகையில் லொறியே இல்லை. பெரும்பாலும் சிறு வயதில் தொடங்கும், இன்சுலின் போடாமல் உயிர் தங்காது. எங்களில் அநேகருக்கு இருப்பது இரண்டாம் வகை. லொறி வருகிறது, ஸ்டோர் கேட் பாதிதான் திறக்கிறது. கணையம் கூடுதல் லொறி அனுப்பிச் சமாளிக்கும், வருடங்கள் போகப் போக அதுவும் களைத்துவிடும். அதனால்தான் இரத்தம் நிறையச் சீனி இருந்தும் உடம்பு சோர்கிறது.

மூத்திரம் போற இடத்துல எறும்பு மொய்க்கல. அப்ப சீனி இல்லதானே?

இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. எறும்பு பொய் சொல்லாது, ஆனால் பிந்திச் சொல்லும். இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் மூத்திரத்தில் இறங்கும். வெறும் வயிற்றில் 126 என்றாலே வருத்தம் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆட்களை எறும்பு கண்டுபிடிக்காது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் எறும்பே வெளியில் வராது என்பது வேறு கதை.

எத்தனை இருந்தா நல்லது, எத்தனை இருந்தா வருத்தம்?

டெசிலீட்டருக்கு மில்லிகிராம் என்ற கணக்கில் சொல்கிறேன். எங்கள் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். எட்டு மணித்தியாலமாவது சாப்பிடாமல் பார்த்தால் 100க்குக் கீழே நல்லது. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126ம் அதற்கு மேலும் நீரிழிவு. உடம்பில் அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு தரம் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். அதிக தாகம், அடிக்கடி மூத்திரம், காரணமில்லாமல் மெலிவு இவற்றோடு எந்த நேரத்தில் பார்த்தாலும் 200க்கு மேல் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எச்பிஏ1சி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டும், 6.5 வீதமும் மேலும் நீரிழிவு. கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல எண் வாங்குகிறவர்களை இந்த டெஸ்ட் காட்டிக் கொடுத்துவிடும். நானும் அப்படி ஒருமுறை மாட்டியவள்தான்.

வீட்டு மெஷினில் பார்க்கும்போது ஒரு கவனம். விடியற்காலைக் குளிரில் விரல் விறைத்திருந்தால் இரத்தம் வராது, பிழிந்தால் எண் பிழைக்கும். கையைச் சவர்க்காரம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். சீனி ஒட்டிய விரலில் பார்த்துவிட்டு 300 என்று அலறிக்கொண்டு ஓடிவந்த அக்கா ஒருவர் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்.

எலும்பும் தோலுமா இருக்கிற ஆளுக்கும் வருமா?

வரும். தெற்காசியர்களான எங்களுக்கு மெல்லிய உடம்பிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80க்கும் மேலே போனால் கவனம் தேவை. தராசு நல்ல எண்ணைக் காட்டினாலும் தையல்காரர் அளவெடுக்கும் நாடா உண்மையைச் சொல்லும்.

கருப்பையில் இருக்கும்போது போதிய ஊட்டம் கிடைக்காமல் நிறை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களானபின் நீரிழிவு வரும் வாய்ப்பு கூட. ஹேல்ஸ், பாக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1992இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். பட்டினியை எதிர்பார்த்துச் சிக்கனமாக அமைந்த உடம்பு, பிறகு தாராளமாகச் சாப்பாடு கிடைக்கும்போது தடுமாறுகிறது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகள் இலங்கையில் அதிகமாகப் பிறந்து வந்திருப்பது தோட்டப்புறத்தில். பாட்டியும் அம்மாவும் அரை வயிற்றோடு மலையில் நின்ற கணக்கு, பேரப்பிள்ளையின் இரத்த ரிப்போர்ட்டில் வருகிறது. சீனி வந்தவரைப் பார்த்து “வாயைக் கட்டல” என்று ஏசுவதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும்.

ரொட்டிய விட்டா நாங்க என்னத்த சாப்பிடுறது?

ரொட்டியை விடச் சொல்லவில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராம் மாப்பொருள். மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் தடித்த ரொட்டி இரண்டுக்கு 200 கிராம் மா என்று வைத்தால் 150 கிராம். அது முழுக்கக் குளுக்கோஸாகத்தான் இரத்தத்துக்குப் போகிறது. தொட்டுக்கொள்ளச் சம்பல் மட்டும் என்றால், அந்த வேகத்தைக் குறைக்க வயிற்றில் வேறெதுவும் இல்லை.

இரண்டு ரொட்டி ஒன்றாகட்டும். மாவில் பாதி குரக்கன் (கேழ்வரகு) மாவாகட்டும். கூடவே பருப்பு, கடலை, முட்டை, கருவாடு, எது கையில் இருக்கிறதோ அது. தட்டில் பாதி மரக்கறி. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். லயத்தைச் சுற்றி லீக்ஸ், கோவா, நோக்கோல், கரட் எல்லாம் போடுகிறோம். அத்தனையையும் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் ரொட்டியும் சம்பலும் தின்கிறோம். விற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துவையுங்கள். உருளைக்கிழங்கு மரக்கறிக் கணக்கில் சேராது. ரொட்டிக்குக் கிழங்குக் கறி என்பது ரொட்டிக்கு ரொட்டியைத் தொட்டுக்கொள்வது போல.

அடுத்தது தேத்தண்ணி. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு 5 கிராம். தேத்தண்ணியில் மட்டும் 50 கிராம் சீனி, மாதம் ஒன்றரைக் கிலோ. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு வளர்ந்த ஆளுக்கு, எல்லா இனிப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 50 கிராமுக்குள் நில், முடிந்தால் 25க்கு இறங்கு என்கிறது. அது வருத்தம் இல்லாத ஆளுக்கு. நான் கரண்டியைப் பாதி பாதியாகக் குறைத்து, நாலாவது மாதம் சீனியில்லாத சாயத் தேத்தண்ணிக்கு வந்தேன். நல்ல தேயிலையின் ருசி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, தேயிலைக் காட்டிலேயே பிறந்தும்.

கித்துல் கருப்பட்டி நல்லதுதானே?

ருசி நல்லது. சீனியை அதுவும் ஏற்றும்.

காலையில மாத்திரை போட்டுட்டு மலைக்குப் போனா பத்து மணிக்குக் கை நடுங்குது, வேர்க்குது. ஏன்?

சீனி இறங்கிவிட்டது. 70க்குக் கீழே போவதை அப்படிச் சொல்வார்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைப்பவை. விடியற்காலை வெறும் தேத்தண்ணியோடு அதைப் போட்டுக்கொண்டு செங்குத்தான மலையில் கூடையோடு ஏறினால், இருக்கிற கொஞ்சச் சீனியும் எரிந்துபோகும். அந்த மாத்திரை சாப்பாட்டோடு போட வேண்டியது. சாப்பாடு பிந்தினால் மாத்திரையும் பிந்தட்டும். மெட்போமின் என்ற மாத்திரை தனியாக இப்படி இறக்குவது அரிது. அதைச் சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுக் குழப்பம் குறையும்.

இறங்கும்போது சீனியைத் தின்னத்தான் வேண்டும். மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம். தெளிந்தபின் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். இடுப்பில் கட்டும் படங்குக்குள் ஒரு சின்னப் பொட்டலம் சீனி எப்போதும் இருக்கட்டும், பக்கத்து நிரையில் நிற்பவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பக்கவாட்டில் படுக்க வைத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கள். அது இலவசம்.

ஆம்பளைகளுக்கு ஒரு சொல்: வெறும் வயிற்றில் சாராயம் குடித்தாலும் சீனி இப்படி விழும். பார்ப்பவர்கள் குடிவெறி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறுகிறவர்களும் மருந்துப் பையோடு இனிப்பையும் கட்டிக்கொள்ளுங்கள்.

மாத்திரை கிட்னியைப் பழுதாக்குமாமே?

கிட்னியைப் பழுதாக்குவது கட்டுப்படாத சீனியும் பிரசரும். மெட்போமின் கிட்னியைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கிட்னி பலவீனமானவருக்கு அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அதிலிருந்துதான் இந்தக் கதை பிறந்திருக்க வேண்டும். உண்மையிலேயே பயப்பட வேண்டியது வேறு மாத்திரைக்கு. கூடை சுமந்த இடுப்பு வலிக்கு டைக்ளோபெனாக், இபுபுரூபன் என்று மாதக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்குகிறோமே, அவை கிட்னிக்குக் கேடு. நீரிழிவுக்காரருக்கு இரட்டிப்புக் கேடு. வருடத்துக்கு ஒரு தடவையாவது மூத்திரத்தில் புரதம் போகிறதா என்று பார்க்கக் கேளுங்கள். கிட்னியின் பழுது வெளியில் தெரிவதற்கு வெகுமுன்னே அது சொல்லிவிடும்.

கோவக்கா இலை, பாவக்காய், கோத்தலஹிம்புட்டு இதெல்லாம் வேலை செய்யாதா?

சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், கோவக்கா இலைச் சுண்டல் எங்கள் வீட்டிலும் உண்டு. இவற்றில் சில சீனியைக் கொஞ்சம் குறைப்பதாக ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. அந்தக் காரணத்தாலேயே மாத்திரையோடு அளவில்லாமல் குடித்தால் சீனி திடீரென்று விழலாம். டொக்டரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கசாயத்தை மட்டும் நம்பி இருந்த இரண்டு பேருக்கு இந்தத் தோட்டத்திலேயே கண் தெரியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

காமரங்காச் சாறும் விளிம்பிக்காய்ச் சாறும் வேண்டவே வேண்டாம். அவற்றிலுள்ள ஒக்சலேட் என்ற உப்பு கிட்னியில் படிந்து அதை நிறுத்திவிடும். ஏற்கெனவே கிட்னி கெட்டவருக்கு ஒரு காமரங்காப் பழமே உயிராபத்து.

காலைப் பத்தி ஏன் டீச்சர் இவ்வளவு சத்தம் போடுறீங்க?

ஒரு தை மாதம். பனி கொட்டிய இரவு. அம்மா வழக்கம்போல அடுப்படியில் உட்கார்ந்து காலைத் தணல் பக்கம் நீட்டியிருந்தார். ரப்பர் செருப்பு உருகிய நாற்றம் வந்துதான் நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அம்மாவுக்குத் தெரியவில்லை. “என்னடி நாத்தம்?” என்று எங்களைக் கேட்டார். ஒன்பது நாள் இலையை அரைத்துக் கட்டினோம். பத்தாம் நாள் ஆஸ்பத்திரி. விரல் இரண்டு போனது. அதற்கு முந்திய நாள்வரை அம்மா ஒரு பேரும் தவறவிடாதவர்.

நாள்பட்ட சீனி நரம்பைக் கெடுக்கும். முதலில் எரிவு, ஊசி குத்துவது போல, பிறகு மதமதப்பு, கடைசியில் ஒன்றுமே தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறாது. மலையகத்தில் காலுக்கு வரும் ஆபத்துகள் வேறு ஊர்க்காரர்களுக்குத் தெரியாதவை: அடுப்புத் தணல், சுடுதண்ணிப் போத்தல், அட்டை, கவ்வாத்து வெட்டிய கூர்க்குச்சி, வருடம் முழுவதும் காயாத ஈரம்.

ஒவ்வொரு இரவும் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துக் காயவிட்டு, உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கீழே ஒரு கண்ணாடி வையுங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்; பிள்ளைகளுக்குக் கூரிய கண். குளிருக்குச் சொக்ஸ் போடுங்கள், நெருப்பு வேண்டாம். தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். அட்டையைப் பிய்க்காமல் உப்போ சவர்க்காரமோ தடவி விழவிட்டு, நன்றாகக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது என்பதால் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட வேண்டாம். கொள்ளியால் சுடுவது மட்டும் கூடவே கூடாது. மெட்டி இறுகினால் கழற்றிவிடுங்கள். வலிக்காத புண்ணைத்தான் அவசரமாகக் காட்ட வேண்டும். இரண்டு நாளில் ஆறத் தொடங்காவிட்டால் டிஸ்பென்சரியோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கண்ணு நல்லாத்தான் தெரியுது. பிறகு ஏன் கண் கிளினிக்குக்குப் போகச் சொல்றாங்க?

விழித்திரையில் நாளங்கள் கசியத் தொடங்கி நெடுநாள் வரை பார்வை குறையாது. குறைந்தபின் போனால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனதைத் திருப்பித் தருவது கஷ்டம். வருடத்துக்கு ஒருமுறை கண்ணுக்கு மருந்து விட்டு உள்ளே பார்க்க வேண்டும். மருந்து விட்ட அன்று கொஞ்ச நேரம் மங்கும், துணைக்கு ஆளோடு போங்கள்.

இருதயமும் அப்படித்தான். நீரிழிவுக்காரருக்கு நெஞ்சுவலி இல்லாமலேயே ஹார்ட் அட்டாக் வரலாம். திடீர் மூச்சு வாங்கல், வேர்வை, வாந்தி என்றால் வாய்வு என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

கிளினிக்குப் போனா ஒரு நாள் பேர் போகுது. அதுக்கு என்ன சொல்றீங்க?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அரச கிளினிக்கில் மருந்துக்குக் காசில்லை, ஆனால் விடிய முந்தி பஸ் ஏறி, நம்பர் எடுத்து, மத்தியானம் தாண்டி வீடு வந்தால் அன்றைய சம்பளம் இல்லை. சிலருக்கு நான் சொன்னது: கிளினிக் நாளைக் கலண்டரில் குறித்துக் கங்காணியிடம் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லுங்கள், ஒரே லயத்தில் மூன்று நாலு பேர் ஒரே திகதிக்குக் கேட்டு வாங்குங்கள். இதுவரை ஒருமுறையும் பார்க்காத, 35 வயது தாண்டியவர்களுக்கு, பல அரச ஆஸ்பத்திரிகளில் சீனி, பிரசர், எடை எல்லாம் இலவசமாகப் பார்க்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

பாஷையும் ஒரு மலைதான். சிங்களத்தில் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்து, காலை மாத்திரையை இரவிலும் இரவு மாத்திரையைக் காலையிலும் மூன்று மாதம் நானே போட்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு மருந்து உறையிலும் சூரியனும் நிலாவும் வரைந்து தரச் சொல்லி நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்பேன். சிரித்துக்கொண்டே வரைவார். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது “பாமசியில் வாங்குங்க” என்று துண்டு கொடுத்தார்களே, அப்படி நடந்தால் எல்லாவற்றையும் வாங்க முடியாவிட்டாலும் எது கட்டாயம் என்று கேட்டு, அதையாவது வாங்கிவிடுங்கள்.

இன்சுலின் போடச் சொல்லிட்டாங்க. கடைசிக் கட்டமா? வீட்டுல பிரிட்ஜும் இல்ல.

கடைசிக் கட்டம் இல்லை. களைத்த கணையத்துக்கு வெளியிலிருந்து ஒரு லொறி. 1922இல் கனடாவின் டொரொண்டோவில், சாகக் கிடந்த 14 வயதுப் பையனுக்குத்தான் இதை முதலில் போட்டார்கள்; அவன் எழுந்து நடந்தான்.

திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்க வேண்டும். பாவனைக்கு எடுத்த குப்பியை 25, 30 பாகைக்கு மேல் சூடேறாத இடத்தில் சுமார் நாலு கிழமை வைக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நுவரெலியாப் பக்கத்துக் குளிர் எங்களுக்கு உதவி. ஆனாலும் தகரக் கூரைக்கு அடியிலோ அடுப்புப் பரணிலோ வைக்காதீர்கள், வெயில் நாளில் தகரம் கொதிக்கும். மண் சட்டியில் ஈர மணல் போட்டு, குப்பியைச் சிறு போத்தலில் மூடி அதற்குள் வையுங்கள். உறைந்துபோன இன்சுலினை வீசிவிடுங்கள்.

பிள்ளைத்தாச்சிக்குச் சீனி வந்து, பிள்ளை பிறந்ததும் போயிருச்சு. முடிஞ்சுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது மகன் வயிற்றில் இருக்கும்போது வந்தது, பிறந்ததும் போனது. ஆறு கிழமைக்குப் பிறகு திரும்பப் பார்க்கச் சொன்னார்கள், நான் போகவில்லை. எட்டு வருடம் கழித்துத் தாகம் தாங்காமல் போனபோது 312. அப்படி வந்தவர்கள் வருடா வருடம் பார்க்க வேண்டும்.

சளி, இருமல் விடாம இருந்தா இதோட சம்பந்தமா?

நீரிழிவு இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். நெருக்கமான லயத்துக் காம்பராவில் இரண்டு கிழமை தாண்டிய இருமலைச் சும்மா விடக்கூடாது.

மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறதா நேர்த்தி வச்சிருக்கேன். மிதிக்கலாமா?

கால் மதமதப்பு இருந்தால் வேண்டாம். வெந்தது உங்களுக்குத் தெரியாது, எங்களுக்கும் மூன்றாம் நாள்தான் தெரியும். விரதம் இருப்பதானால் இரண்டு கிழமைக்கு முன்பே கிளினிக்கில் சொல்லி மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாவும் தீமிதிக்கு நேர்ந்திருந்தவர்தான். விரல் போன வருடம் பூசாரி ஐயாவிடம் போய்ச் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, பாற்குடம் எடுக்கட்டும் என்றார், றோட்டு சூடேற முந்தி, செருப்போடு. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் நான் ஓடிப் போய் அம்மாவின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.